மாப்பிள்ளை உட்காராத வாரம்

கல்யாணப் பத்திரிகை கொடுத்து முடித்த கையோடு, உட்காரும் இடத்தில் எனக்கு ஒரு கட்டி வந்தது. முதலில் கடலைப் பருப்பு அளவில் சிவந்து, தொட்டால் வலித்தது. மறுநாளே நெல்லிக்காய் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்துத்தான் கல்யாணச் சடங்கான சீர்களைச் செய்வார்கள். அது லேசில் முடியாது. நின்றுகொண்டே கல்யாணம் முடித்தவன் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்ததாகத் தெரியவில்லை.

அக்கா வீட்டுக்காரர் இரண்டு கட்டைவிரலையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"குப்புறப் படுங்க மாப்ள. ஒரே அமுக்கு, பீச்சிரும்."

"வேண்டாங்க மச்சான். டாக்டரப் பாத்துட்டு வாரேனுங்க."

"இத்தினியூண்டு கட்டிக்கு டாக்டரா? பயந்தாங்கொள்ளிக்குப் பொண்ணு குடுக்கறாங்க பாரு!"

அவர் சொன்னது நிஜம். அடுத்தவருக்கு ஊசி போடுவதைப் பார்த்தே மயங்கியவன் நான். அந்தப் பயம்தான் காப்பாற்றியது.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிதுக்காதீங்க, ஊசில குத்தாதீங்க. அமுக்குனா சீழு உள்ள எறங்கிப் பரவிரும். வெந்நில சுத்தமான துணிய நனைச்சு, பொறுக்கற சூட்டுல அடிக்கடி ஒத்தடம் குடுங்க. துண்டத் தனியா வெச்சுக்கங்க. காய்ச்சல் வந்தாலோ, சுத்திச் செவப்பு பரவுனாலோ ஒடனே வாங்க. கீற வேண்டியிருந்தா நாங் கீறிக்கறேன்."

ஒத்தடம் கொடுத்துக்கொண்டு நாளெல்லாம் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் காங்கேயத்திலிருந்து வருங்கால மாமனார் வந்துவிட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை."

"இருக்கட்டுங்க மாமா. நீங்க உக்காருங்க."

காப்பியையும் நின்றபடியே குடித்தேன். கதவுக்குப் பின்னால் மச்சான் தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். கிளம்பும்போது மாமனார் அக்காவிடம் சொன்னார்: "பெரியவங்க முன்னால உக்காரவே மாட்டேங்கறாரே அம்மணி! இந்தக் காலத்துல இப்படியொரு மரியாதையா!"

கட்டியின் நடுவில் வெள்ளை கண்டது. மச்சானின் கட்டைவிரல்கள் மறுபடி துடித்தன. நான் இடம் கொடுக்கவில்லை. ஒரு காலை, ஒத்தடத்தின்போதே அது தானாக உடைந்தது. துடைத்து, கட்டுத்துணி வைத்து ஒட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அப்புறம்தான் மூச்சு வந்தது.

கல்யாணத்துக்குள் புண் ஆறிவிட்டது. முக்காலியில் மெல்ல இறங்கினேன். வலிக்கவில்லை! சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்தேன்.

"எங்க மாப்பிள்ளைய உக்கார வெக்க முக்காலியே போட வேண்டியதாப் போச்சுங்க" என்று மாமனார் சொந்தக்காரர்களிடம் பெருமையடித்தார். மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது.

என் சொந்தத்தில் மில் வைத்தவர்கள் உண்டு, இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்தவர்கள் உண்டு. நான் சாதித்தது கட்டியில் கையை வைக்காமல் இருந்தது ஒன்றுதான்.

தாலி கட்டி முடித்ததும் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஏனுங்க, வலி பரவால்லீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது.

"உங்கக்கா எல்லாஞ் சொன்னாங்க. யாரு என்ன சொல்லியும் பிதுக்க உடலியாமா. நெசமாலுமே கெட்டிக்காரருங்க நீங்க."

இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.