கதவில் பட்டால் அவுட்

நாடா சுற்றிய டென்னிஸ் பந்து லினோலியம் தரையில் குத்தி எழும்பும் சத்தமும், யாருடைய அடுப்பிலிருந்தோ வரும் மீன் பொரியல் மணமும்தான் ஸ்டுட்கார்ட்டின் விளிம்பிலிருந்த எங்கள் அகதிகள் விடுதியை நினைத்ததும் முதலில் வருகின்றன. "ஹைம்" என்று நாங்கள் சொல்லும் அந்தக் கட்டடத்தின் மாடி நடைபாதையில்தான் என் சித்தி வதனி விளையாடப் பழகினார். ஜேர்மனியின் பெண்கள் கிரிக்கெட் அணி புதிதாக இருந்த காலத்தில் அதன் சகலதுறை ஆட்டக்காரி அவர்.

நடைபாதையில் நானும் சித்தியும் மட்டும் என்பதால் பந்து, துடுப்பு, களத்தடுப்பு எல்லாவற்றையும் இருவருமே செய்தோம். சட்டம் போட்டவர் அம்மா. பெற்றோரை ஊரில் விட்டு வந்த சித்திக்கு அக்காவும் தாயும் அவர்தான். சுவரில் பட்டால் ஓட்டமில்லை. விளக்கில் பட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. கதவில் பட்டால் அவுட். "ஆரும் முறைப்பாட்டோட வந்தா, துடுப்பு குப்பைக்குத்தான் போகும்" என்பார். இருபுறமும் கதவுகள் வரிசையாக இருந்ததால் சித்தியின் பந்து கோடு போட்டதுபோல் வரும். அடியும் நேராகவே போகும், வேறு பக்கம் போகவே போகாது.

தேசிய அணியில் இரண்டு கோடைகள் அது போதுமாயிருந்தது. பிறகு எதிரணிகள் கண்டுபிடித்துவிட்டன. நேர்க்கோட்டில் ஆட்களை நிறுத்தினால் சித்திக்கு ஓட்டமே இல்லை. பக்கத்து நாட்டு அணி வந்தபோது பயிற்றுநர் சொல்லிவிட்டார்: இன்று அடிக்காவிட்டால், இனிப் பந்துவீச மட்டும்தான். "பாதி ஆளா நிண்டு விளையாட எனக்கு ஏலாது அக்கா" என்று சித்தி காலையில் அம்மாவிடம் சொன்னார்.

உதைபந்தாட்டத் திடலின் நடுவே ஆடுகளமாகப் பாய் விரித்திருந்தார்கள். புட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் எல்லைக் கயிற்றருகே இருந்தோம். சித்தி அடித்த பந்தெல்லாம் நேரே நின்றவர்களின் கைக்கே போக, அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, எழும்பிவிட்டார்.

"ஏய் வதனி! இஞ்ச கதவொண்டும் இல்லையடி! வளைச்சு அடி!"

சித்தி திரும்பிப் பார்த்தார். அடுத்த பந்துக்கு, வாழ்நாளில் முதல்முறையாக, துடுப்பைக் குறுக்கே சுழற்றினார். பந்து ஆளில்லாத பக்கத்தால் உருண்டு கயிற்றைத் தாண்டியது. அதற்கடுத்த பந்துக்கும் அப்படியே சுழற்றினார். நடுக்குச்சி பறந்தது.

"எல்லாப் பந்துக்கும் சுத்தச் சொன்னனானே?" என்றார் அம்மா.

"கதவில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றபடி கால்கவசத்தைக் கழற்றிய சித்தி, சிரித்துக்கொண்டே இருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. அடுத்த பயணத்துக்குப் பந்துவீச்சாளராக அழைத்தார்கள். சித்தி போகவில்லை. அவருடைய சர்வதேச ஆட்டம் அத்தோடு சரி.

ஹைமை இடித்து வாகனத் தரிப்பிடமாக்கிவிட்டார்கள். பாய் விரித்த திடலில் இப்போது நிரந்தர ஆடுகளம், வலை, தலைக்கவசம் அணிந்த பிள்ளைகள். இந்தக் கோடையில் சித்தியோடு அங்கே போனேன். ஓர் ஆள் குறைகிறது, வருகிறீர்களா என்று கேட்ட பெண், பந்தா துடுப்பா என்று ஜேர்மனில் விசாரித்தாள்.

"ரெண்டும்" என்று தமிழில் சொல்லிவிட்டு, சித்தி கைப்பையை என்னிடம் தந்தார்.