ஆறு மணிக்கு அறுந்த இணைப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் எதிரில் இருப்பது ஆளா சாமானா என்று பார்க்காது. போன ஐப்பசி மாதம் முழுக்க அது ஒரு ரூட்டரின் மேல் வந்தது. கறுப்பாக, நான்கு கொம்புகளோடு என் மேசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டியை நான் திட்டாத திட்டில்லை. கடைசியில் அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் நெற்குப்பையில் நாங்கள் குடியிருப்பது எங்கள் வீட்டில் அல்ல. பதினோரு பங்காளிகளுக்குச் சொந்தமான பெரிய வீடு அது. முன்வாசலில் நின்றால் நிலைக்கு நிலை தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும். அதற்கு அப்பால் தோட்டமும் கிணறும். பங்காளிகள் எல்லாரும் வெளியூரில், வெளிநாட்டில். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பம்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. வாடகை கிடையாது, இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. நாள் தவறாமல் சாயங்காலம் விளக்கு வைக்க வேண்டும். அது அத்தையின், அதாவது என் மாமியாரின் பொறுப்பு. இன்னொன்று, சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இழைத்த சுவர். துளை போடுவதென்றால் பதினோரு பேரும் சம்மதிக்க வேண்டும். பதினோரு பேரும் சேர்ந்து சம்மதித்த காரியம் என்று எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

நான் பதினான்கு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிட்டார்கள். அதன்பின் இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறாள் என்று பெயர் வந்துவிட்டால் போதும், உறவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் காய் நறுக்கக் கூப்பிடுவார்கள். அப்படி நறுக்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. இங்கிலாந்தில் ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவே இணையத்தில் இருந்துகொண்டு இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே பகல், இங்கே சாயங்காலம். ஐந்தரையிலிருந்து எட்டரை வரை முன்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் இடையில் பத்து நிமிஷம்தான் ஓய்வு. முதல் இரண்டு மாதம் சோதனைக் காலம். அதற்குள் பேச்சின் நடுவே மூன்று முறை இணைப்பு அறுந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வைஃபை கூடாது, கணினிக்கு வயர் வழியாகத்தான் இணையம் வர வேண்டும் என்பதும் அவர்கள் விதி.

எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. செல்போன் சிக்னல் அந்தச் சுவர்களைக் கண்டதும் வாசலோடு நின்றுவிடும். ஆனால் சாட்டிலைட் இருந்தது. பங்காளிகளில் மூத்த வீட்டு ஆச்சியின் மகன் ஒரு மாதம் வந்து தங்கி வேலை பார்ப்பதற்காகத் தோட்டத்து மோட்டார் கொட்டகை மேல் ஒரு வெள்ளை டிஷ்ஷை நிறுத்தியிருந்தார். அந்தக் கம்பெனி கொடுத்த ரூட்டர் பெட்டியும் கொட்டகைக்குள்ளேயே இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது, "சும்மாதானே கெடக்கு, நீங்க வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெட்டியின் வைஃபை பின்கட்டோடு சரி. அதனால் காரைக்குடியில் வேறு கம்பெனி ரூட்டர் ஒன்றை வாங்கி, கொட்டகையிலிருந்து முன்கட்டு வரை நீளமாக வயர் இழுத்து நானே மாட்டினேன். துளை போடக் கூடாதே, அதனால் பின்வாசல் நிலைப்படியின் மேல், கதவு சுழலும் ஓரமாக வயரைப் படிய வைத்து உள்ளே கொண்டுவந்தேன். காலிலும் படாமல் கண்ணிலும் படாமல் அது போன அழகைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

முதலில் இரண்டு பெட்டிகளும் மல்லுக்கு நின்றன. கணினிக்கு இணைய விலாசம் கொடுப்பது நான்தான் என்று இரண்டும் அடம்பிடித்தன. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு உண்டு, ஒரே கூரைக்குள் ஏழெட்டு அடுப்பு எரியும். ரூட்டர்களுக்கு அந்தப் பக்குவம் போதாது. ஒரு நாள் முழுக்கக் கையேட்டைப் படித்து, செயலிக்குள் போய், கம்பெனிப் பெட்டியை ரூட்டர் வேலையிலிருந்து விடுவித்து, வருவதை அப்படியே என் ரூட்டருக்குத் தள்ளிவிடு என்று அமைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பதினைந்து நாள் ஒரு குறையும் இல்லை.

பதினாறாம் நாள் ஆறு மணி தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். ஓர் அம்மாவுக்குப் பரிசோதனை முடிவு சொல்கிறார்கள். இலங்கைத் தமிழ், வயதான குரல். "டொக்டர் என்னவாம் சொல்றார் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முடிவு வந்துவிட்டது, அதில்" என்று ஆரம்பித்தார். ரூட்டரில் சிவப்பு விளக்கு. ஹெட்செட்டில் சத்தமே இல்லை. அரை மணி கழித்து யாரும் ஒன்றும் செய்யாமலே பச்சை திரும்பி வந்தது. அதற்குள் அந்த அம்மாவுக்கு வேறு யாரோ சொல்லி முடித்திருப்பார்கள். என்ன முடிவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று நான் அழுதேன், வேலைக்காக இல்லை.

மறுநாளும் ஆறு மணிக்குச் சிவப்பு. அதற்கு மறுநாளும். அந்த வாரத்திலேயே இன்னொரு அழைப்பு நடுவில் அறுந்தது. மூன்றில் இரண்டு போய்விட்டது, இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி.

சாட்டிலைட் கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்க டிஷ் ஆன்லைன்லதான் இருக்கு மேடம். எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. நீங்க வெளி ரூட்டர் மாட்டியிருக்கீங்க, அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றது ஒரு பெண் குரல். ரூட்டரைக் கழற்றிக்கொண்டு காரைக்குடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை அரை நாள் தன் மேசையில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ரூட்டரு கல்லு மாதிரி இருக்குக்கா. நீங்க சாட்டிலைட்காரனத்தான் பிடிக்கணும்" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், எனக்கு இரண்டு பக்கமும் கைவிரிப்பு. நான் போட்ட சத்தத்தில் அவர் அதே மாதிரி வேறொரு ரூட்டரை மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினேன். புதியதும் ஆறு மணிக்குச் சிவந்தது.

அதற்குப் பிறகு நான் செய்யாத வைத்தியம் இல்லை. ரூட்டரை அழித்து முதலிலிருந்து அமைத்தேன். அதன் மென்பொருளைப் புதுப்பித்தேன். ஆறு மணிக்கு என் பத்து நிமிஷ ஓய்வை எடுத்துப் பார்த்தேன், சிவப்பு அரை மணி நின்றது. மூன்றாவதும் அறுந்துவிடக் கூடாதே என்று அந்த நேரத்தில் அழைப்பே எடுக்காமல் இருந்தேன். அந்த நேரத்தில்தான் அழைப்புகள் அதிகம், ஏன் அடிக்கடி காணாமல் போகிறீர்கள் என்று மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு நோட்டில் சிவப்பு வரும் நேரத்தை எழுத ஆரம்பித்தேன். ஆறு ஐந்து. ஆறு நான்கு. ஆறு இரண்டு. நாளாக ஆக முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. கடைக்காரரிடம் போனில் படித்துக் காட்டினேன். "பாத்தீகளா, வானத்துல சாட்டிலைட்டு நகருதுல்ல, அதான் நேரம் மாறுது" என்றார். இரண்டு நாள் நானும் அதை நம்பினேன். படித்தவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதக் கார்த்திகை நட்சத்திரத்துக்கு அத்தை குன்றக்குடி முருகன் கோயிலுக்குப் போனார். கூட்டம் அதிகம், திரும்பும்போது எட்டு மணி ஆகிவிட்டது. விளக்கை மட்டும் என் கணவர் ஏற்றிவைத்தார். அன்று ரூட்டர் சிவக்கவே இல்லை. ஐந்தரையிலிருந்து எட்டரை வரை பச்சை. நான் சந்தோஷப்படவில்லை, சந்தேகப்பட்டேன். நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிவிட்டு, அத்தை சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அயித்தை, நீங்க சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வீக?"

"வெளக்கு வப்பேன். வேற என்ன செய்யப் போறேன்?"

"அதுக்கு முன்னாடி?"

"பின்கதவச் சாத்துவேன்." இது என்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார். "முன்வாசலத் தொறந்துவச்சு, பின்வாசலச் சாத்தி, தாப்பாளப் போட்டுட்டுத்தானத்தா வெளக்குப் பொருத்தணும்? இல்லாட்டி முன்னால வர்ற லச்சுமி பின்னால போயிருவால்ல."

எனக்குத் தெரியாததா? பிறந்த வீட்டில் எத்தனை வருஷம் அந்தக் கதவை நானே சாத்தியிருக்கிறேன். பொழுது அடைகிற நேரம் பார்த்துச் சாத்துவோம், கடிகாரம் பார்த்தல்ல. பொழுது ஐப்பசியில் நாளுக்கு நாள் முன்னால் அடைகிறது. அரை மணி கழித்துக் கதவைத் திறந்துவிடுவார்கள். படுக்கப் போகும்போது மறுபடி சாத்தினால் யாருக்கும் தெரியாது, என் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். விளக்கு வைக்கும் நேரத்தில் நான் முன்கட்டில் ஹெட்செட்டோடு அடைந்து கிடந்ததால் இது என் கண்ணில் படவே இல்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். தேக்குக் கதவு. ஓர் ஆள் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் தாழ்ப்பாள் விழும். முதல் பதினைந்து நாள் தாங்கினாலும், அது தினமும் நசுக்கி நசுக்கி, நிலைப்படி ஓரத்தில் என் வயர் ரிப்பன் பக்கோடாவுக்குப் பிழிந்த மாவு மாதிரி தட்டையாகக் கிடந்தது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ரூட்டரைப் பார்த்தேன், சிவப்பு. திறந்தேன், பச்சை. நான்கு முறை போட்டுப் போட்டுத் திறந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த நடனக்காரி நான்தான். வயரை அங்கே வைத்தது நான், வைத்த அழகை மெச்சிக்கொண்டதும் நான். கம்பெனிக்காரியையும் கடைக்காரரையும் வானத்தையும் திட்டித் தீர்த்திருந்தேன்.

அத்தை எச்சில் கையோடு பின்னால் வந்து நின்றார். அவருக்கு விஷயம் புரிந்ததும் முகம் வாடிவிட்டது.

"நாந்தான் ஒன் வேலைக்கு எமனா இருந்திருக்கேனா?" என்றார். "நாளையிலருந்து சாத்தலத்தா. ஆச்சி கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அவர் அந்தக் கதவை நாற்பது வருஷமாகச் சாத்துகிறவர். பிரசவத்துக்கும் கோயிலுக்கும் போன நாட்கள் தவிர, காய்ச்சலில்கூட எழுந்து வந்து சாத்தியவர். எனக்காக அதை ஒரு சொல்லில் விட்டுக்கொடுத்தார்.

"நீங்க சாத்துங்க அயித்தை. மாற வேண்டியது வயருதான்" என்றேன்.

சுவரைத் தொடாமல், கதவைத் தொடாமல் வயர் எப்படி உள்ளே வரும்? விடிந்ததும் வீட்டைச் சுற்றிவந்தேன். முற்றத்தைக் கழுவிவிடும்போது தண்ணீர் போகும் மூலை கண்ணில் பட்டது. முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் தோட்டத்துக்குப் போக, கட்டியவர்களே தரைக்கு அடியில் வழி விட்டிருந்தார்கள். பதினோரு பேர் கையெழுத்துத் தேவையில்லாத துளை. வாரத்துக்கு ஒரு முறை அதில் அடைக்கும் இலையை எடுப்பவளே நான்தான். மழையில் கிடந்தாலும் கெடாத தடித்த வயரைக் காரைக்குடியில் வாங்கிவந்தேன். ஒட்டடைக் கம்பு மூன்றை ஒன்றாகக் கட்டி, நுனியில் வயரை முடிந்து, முற்றத்தில் படுத்துக்கொண்டு நான் தள்ள, தோட்டத்தில் குனிந்துகொண்டு என் கணவர் இழுத்தார். மூன்றாம் தடவை, "வந்துருச்சு" என்று அங்கிருந்து குரல் கேட்டது. என் சேலை முழுக்கச் சகதி. அத்தனை சந்தோஷமாக நான் சகதியில் கிடந்ததில்லை.

அன்று ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். ஆறுக்குச் சற்று முன் ஓர் அழைப்பு வந்தது. ஒரு முதியவர், பரிசோதனை முடிவு கேட்க வந்திருக்கிறார். எடுக்காமல் விட வழியில்லை. அறுந்தால் இது மூன்றாவது. என் கண் ரூட்டரிலேயே இருந்தது. பின்கட்டிலிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் ஹெட்செட்டையும் தாண்டி எனக்குக் கேட்டது. பச்சை. டாக்டர், "முடிவு வந்துவிட்டது, அதில்" என்றார். இவரும் அதே வார்த்தையில்தான் ஆரம்பித்தார். பச்சை. "புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை" என்று முடித்தார். நான் தமிழில் சொன்னேன்.

முதியவர், "இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ" என்றார். நான் டாக்டரைக் கேட்டேன், டாக்டர் மறுபடி சொன்னார், நான் மறுபடி சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது என் குரல் நன்றாகக் கணீரென்று இருந்தது. மொழிபெயர்ப்பவள் அப்படிக் குரல் உயர்த்தக் கூடாது. உயர்த்தினேன்.

எட்டரைக்கு ஹெட்செட்டைக் கழற்றினேன். அறையை விட்டு வருவதற்கு முன் ரூட்டரைப் பார்த்து, "தப்பு என் மேலதான்" என்று வாய்விட்டே சொன்னேன். பின்கட்டுக்குப் போனால் அத்தை கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அரை மணியில் திறக்க வேண்டிய கதவு.

"ஏன் அயித்தை இங்க உக்காந்திருக்கீக?"

"சாத்துனதோட தொறக்கலத்தா. நான் தொறந்துட்டா, சாத்தினதுல அறுந்துச்சா இல்லையான்னு ஒனக்குத் தெரியாமப் போயிரும்ல" என்றார். "அறுந்துச்சா?"

"அறுந்து போகல அயித்தை."

முட்டியில் கையூன்றி எழுந்து தாழ்ப்பாளில் கையை வைத்தார்.

"அப்பத் தொறக்கவா?" என்று என்னைக் கேட்டார்.