ஸ்டெலா அக்காவும் ஒரு கால் கூடிய வரலாறும்

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. எங்கள் திரைப்பட விழாக் குழுவின் வட்ஸ்அப். முதலில் சிங்களம், அடுத்தது ஆங்கிலம். விழா அறிவித்தல் எதுவானாலும் மூன்றாவதாகத் தமிழ் வரும், ஒரு நிமிடத்துக்குள் வரும், பிழையில்லாமல் வரும். மீனை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகுதான் மேலே இருந்த இரண்டையும் ஒழுங்காக வாசித்தேன். தமிழை அனுப்புகிறவர்தான் போய்விட்டார்.

விழாச் செயலாளர் நிஹால் அய்யே அழைத்தார். தமிழில் நீதான் எழுத வேண்டும் மல்லி, அதாவது தம்பி, என்றார். மீன்காரர் முறைக்க முறைக்க அங்கேயே நின்று எழுதி அனுப்பினேன். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்மணிக்கு ‘நல்லடக்கம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இறுதிக் கிரியைகள்’ என்று எழுதியிருந்தேன். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. ஒருவரும் திருத்தவில்லை. அப்போதுதான் அவர் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

ஸ்டெலா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களும் அவருடைய தமிழை வாசித்திருப்பீர்கள். முப்பது வருடம் ஓர் அரசாங்கக் கந்தோரில் தமிழ்த் தட்டச்சாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு ஜெபமாலையும் பேரப்பிள்ளைகளும் என்று இருந்திருக்கலாம். அவருடைய கெட்ட காலம், எங்கள் விழாவுக்குப் படம் பார்க்க வந்தார்.

அந்த வருடம் வாசலில் கட்டிய பதாகையில் ‘விழா’ என்பதில் ஒரு கால் விட்டுப்போய் ‘திரைப்பட விழ’ என்று இருந்தது. மூன்று நாள் தொங்கியது. எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் அதன் கீழே நின்று படம் எடுத்து முகநூலில் போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது தேடி எடுப்பீர்கள். ஸ்டெலா அக்கா நுழைவுச்சீட்டு மேசைக்கு வந்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

“ஆர் விழ வேணுமெண்டு எழுதியிருக்கிறியள்?”

அடுத்த வருடம் அவர் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தார்.

விழாவின் வரலாறு நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஆண்டுதோறும் வரும். அதில் எந்த நாட்டுத் தூதர் விளக்கேற்றினார், எந்த நாட்டு இயக்குநர் வந்து வயிற்றோட்டத்துடன் திரும்பினார் (இரண்டாவதை அச்சில் போடுவதில்லை) எல்லாம் இருக்கும். இல்லாதது ஒன்று. முதல் சில ஆண்டுகள் புத்தகம் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. தூதரகங்கள் இரவல் தந்த படங்கள், பணக்காரக் கொழும்பு ஏழிலிருந்து வந்த பார்வையாளர்கள், இடைவேளையில் பட்டீஸ். பிறகு சிங்களம் சேர்ந்தது. தமிழ் ஒரு துண்டுப் பிரசுரமாக வந்து, பின் அட்டைக்கு ஏறி, ஸ்டெலா அக்கா வந்த பிறகுதான் உள்ளே முழுப் பக்கங்களாக உட்கார்ந்தது. தமிழ் சிங்களத்தைவிட நீளமாகிவிடும், இடம் போதாது என்று பக்கம் வடிவமைக்கிறவர் ஒவ்வொரு வருடமும் அழுவார். அக்கா ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைச் சொல்வார்: “எழுத்தை வெட்டாதையும் ஐசே. படத்தைச் சின்னனாக்கும்.”

இந்த ‘ஐசே’ அவருடைய தனிச்சொத்து. ஆங்கில ‘ஐ சே’ தேய்ந்த விளி, கந்தோரில் பழகியது. என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் நகைச்சுவைக் கட்டுரைகளை வாசிப்பாரா என்று ஒருமுறை கேட்டேன். “வாசிக்கிறனான். பிழை குறைஞ்சிருக்கு,” என்றார். இன்றுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுவே நல்லது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

விழாவின் நிகழ்ச்சிப் பணிப்பாளர் ராஜன் சேர். ஹெவ்லொக் டவுன்காரர், எங்கள் ஆள்தான், தமிழில் அழகாகக் கதைப்பார். அவருடைய மேசையில் தினமும் ஒரு தமிழ்ப் பத்திரிகை விரிந்திருக்கும். ஆனால் தமிழ்ப் பக்கங்கள் அவருக்குப் பிடிக்காது. செலவு, தாமதம், பிழை என்பார். ஒரு வருடம் கூட்டத்தில் முடிவாகவே சொல்லிவிட்டார்: “எங்கட ஆக்கள் இங்கிலிஷ்லதானே வாசிக்கினம். இந்த முறை தமிழில ஒரு பிழை வந்தாலும், அடுத்த வருசம் தமிழ் இல்லை.”

ஸ்டெலா அக்கா எதிர்த்துப் பேசவில்லை. “ஓம்,” என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த வருடம் முதன்முறையாக ஒரு தமிழ்ப் படம்தான் தொடக்கப் படம். கொட்டாஞ்சேனையில் அவருடைய தேவாலயப் பங்கிலிருந்து நாற்பது பெண்களை பஸ் பிடித்து அழைத்துவர ஏற்பாடு செய்திருந்தார். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் மனைவிமார், தையல் வேலை செய்கிறவர்கள். ஒருவரும் ‘இங்கிலிஷ்ல வாசிக்கிற ஆக்கள்’ அல்ல. அதனால் அவர் தமிழ்ப் பக்கங்களை நான்கு முறை மெய்ப்புப் பார்த்தார். ஐந்தாம் முறை வாய்விட்டு வாசித்தார். பிறகு கோப்பை என்னிடம் தந்து, “அப்பிடியே அனுப்பும். ஒண்டையும் தொடாதையும்,” என்றார்.

நான் தொட்டேன்.

அடியில் என் பெயர் தமிழில் சின்னதாக இருந்தது. ஆங்கிலத்திலும் ஒருமுறை, கொஞ்சம் சுழித்த எழுத்தில் இருந்தால் தூதரகக்காரருக்கும் விளங்குமே என்று ஆசை. பெயரை அடித்தேன். அதை மட்டும் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றுவதற்குப் பதிலாக, மொத்தக் கோப்பையும் தெரிவுசெய்து மாற்றிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் ஒரு கலியாணச் சாப்பாடு இருந்தது. அனுப்பிவிட்டுப் புறப்பட்டேன்.

பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவர்களுக்கு என் முதுகு ஏன் இப்போதும் குளிர்கிறது என்பது தெரியும். அதில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகள் போட்டுக்கொண்ட முகமூடிதான். எழுத்துருவை மாற்றினால் முகமூடி கழன்றுவிடும். ‘தமிழ்’ என்பது jkpo; என்று நிற்கும். ‘படம்’ என்பது glk; என்று நிற்கும்.

தொடக்க நாள் வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குப் புறக்கோட்டை அச்சகத்திலிருந்து பெட்டிகள் தியேட்டருக்கு வந்தன. ஒன்றைப் பிரித்தேன். ஆங்கிலம் நன்றாக இருந்தது. சிங்களம் நன்றாக இருந்தது. பிறகு எட்டுப் பக்கம், பூனை கணினியில் நடந்துபோனதுபோல. அச்சகத்துக்குத் தொலைபேசியில் கத்தினேன். ஏதோ ஐரோப்பிய மொழிப் படம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

ஆறு மணிக்கு விழா. நான்கு மணிக்கு ராஜன் சேர் வருவார். ஸ்டெலா அக்கா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். நான் என் செய்கையைச் சொன்னேன், ஒரு பகிடியும் சேர்த்து. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டு, அந்த எழுத்துக் குப்பையின் மேல் விரலை வைத்து, சாதாரணமாக வாசிக்கத் தொடங்கினார். முப்பது வருட விரல்கள். எந்த விசையில் எந்தத் தமிழ் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு பக்கம் முழுதும் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை. கடையைத் தேடும்.”

காலி வீதிக்கு இறங்கும் ஒழுங்கையில் கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடிக்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். பாமினி இருந்தால் அவரிடம்தான் இருக்கும். ஓடினோம். கடை பூட்டு. வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை. அந்த வாசற்படியில் ஒன்றேகால் மணிநேரம் இருந்தோம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், கடல் பக்கம் போகிற ரயிலைப் பார்த்தேன், திரும்ப மணிக்கூட்டைப் பார்த்தேன். அவர் பென்சிலால் புத்தகத்தில் அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டும்படி கேட்டேன். பிழை விட்டவரைப் பிறகு பிடிக்கலாம், முதலில் பிழையைப் பிடிக்க வேண்டும் என்றார்.

நானா தொப்பியைக் கழற்றாமலே கடையைத் திறந்தார். “எல்லாம் ஈக்கி மிஸ். கடதாசிதான் ரோஸ் மட்டும் ஈக்கி.” பாமினி இருந்தது, தாள்தான் ரோஸ் நிறத்தில் மட்டும் இருந்தது. என் மின்னஞ்சலில் இருந்த கோப்பைத் திறந்து எழுத்துருவை மாற்றியதும் தமிழ் அப்படியே எழுந்து வந்தது. ஆனால் இடையில் இருந்த ஆங்கிலப் படப் பெயர்களெல்லாம் இப்போது தமிழ்க் குப்பையாகிவிட்டன. அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் திருத்தினேன். குலைந்துபோன தலைப்புகளையும் நானே திரும்ப அடித்தேன். மூன்றரைக்கு ரோஸ் தாள்கள் சூடாக வெளியே வந்தன. மூன்று ஐம்பதுக்கு அவற்றைப் புத்தகங்களுக்குள் சொருகிக்கொண்டிருந்தோம்.

நான்கு மணிக்கு ராஜன் சேர் வந்தார். நிஹால் அய்யேயும் கூட இருந்தார். சேர் ஒரு புத்தகத்தை எடுத்தார். குப்பைப் பக்கங்களைப் புரட்டினார். முகம் சிவந்தது. யாருடைய வேலை இது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அக்கா, தமிழ்ப் பக்கத்துக்குப் பொறுப்பு தான்தான் என்றார். அப்படியானால் பேச்சு முடிந்தது, அடுத்த வருடம் இது இல்லை என்று சேர் நிஹால் அய்யேயிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ரோஸ் தாளை உருவினார்.

“இதில எத்தினை பிழையோ.”

அக்காவுக்கு அன்று அந்த ஒரு தடவைதான் கோபம் வந்தது.

“வாசிச்சுப் பாருங்கோ சேர். ஒரு பிழை இருந்தாலும் நானே எல்லாத்தையும் எடுத்துப் போடுறன்.”

ராஜன் சேர் தாளைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மறுபக்கம் திருப்பினார். தாள் மெல்ல அசையத் தொடங்கியது. மண்டபத்தில் காற்று இல்லை. நிஹால் அய்யே காத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. அந்த மேசை, அந்தப் பத்திரிகை, இத்தனை வருட எதிர்ப்பு, எல்லாம் ஒரே கணத்தில் விளங்கின. மனிதருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வந்தது ஆனந்தம். ஒரு வசனம் போதும். தமிழ்ப் பக்கங்கள் நிரந்தரமாகப் பிழைக்கும், சேர் இனி எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டார், கொழும்பில் ஒரு வருடத்துக்கு என்னைச் சாப்பாட்டுக்கு அழைப்பார்கள். வசனம் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

ஸ்டெலா அக்காவுக்கும் அதே நேரத்தில்தான் விளங்கியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார்.

“இந்த வெளிச்சத்தில கண்ணாடி இல்லாமல் ஆருக்கும் தெரியாது. தாங்கோ, நான் வாசிக்கிறன்.”

வாசித்தார். படங்கள், நேரங்கள், இயக்குநர்கள், குறும்படப் போட்டி. ராஜன் சேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் பக்கத்தில் விழாவின் வரலாறு. அதற்கு வந்ததும் அக்காவின் குரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். தலைப்பில், என் அவசரத்தில், ‘விழாவின் வராலாறு’ என்று அடித்திருந்தேன். வரால் மீன் ஓடுகிற ஆறு.

அவர் அதைச் சரியாக உச்சரித்துவிட்டு மேலே போயிருக்கலாம். அந்த மண்டபத்தில் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய மற்ற ஆள் நான் ஒருவன்தான். நான் கண்ணால் கெஞ்சினேன். நாற்பது பெண்களுடைய பஸ் அந்நேரம் ஆமர் வீதி தாண்டியிருக்கும்.

“ஒரு பிழை இருக்கு சேர்,” என்றார் அக்கா. “வரலாறில ஒரு கால் கூடிப்போச்சு.”

ராஜன் சேர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் முட்டாள் அல்ல. தனக்கு என்ன நடக்கவிருந்தது, யார் அதை நடக்கவிடாமல் பார்த்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“ஒரு கால்தானே அக்கா,” என்றார். “இருக்கட்டும் விடுங்கோ.”

அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் தமிழ்ப் பக்கங்கள் பற்றிய பேச்சு எழவில்லை. அன்று மாலை கொட்டாஞ்சேனைப் பெண்கள் ரோஸ் தாளை விசிறியாகவும் பாவித்தார்கள், வாசிக்கவும் செய்தார்கள். ‘வராலாறு’ ஒருவர் கண்ணில் பட்டது. அக்காவிடம் நேரே வந்து காட்டினார். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

படம் தொடங்குமுன் இருட்டில் என் முழங்கையைப் பிடித்தார். “ஐசே, நீர் இண்டைக்கு ஒண்டும் காணேல்ல. கட்டுரைக்கும் இல்லை, கள்ளுக்கடைக்கும் இல்லை.” ஓம் என்றேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அந்த ‘ஓம்’ எத்தகைய சித்திரவதை என்பது தெரியும். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார், அதற்குரிய தண்டனையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பிறகு ஏன் இப்போது எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். கொட்டாஞ்சேனையில் அக்காவின் வீட்டு முற்றத்தில், பெட்டியைத் தூக்குமுன், ராஜன் சேர் என் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு நீரும் கண்டனீர்தானே என்று கேட்டார். தலையாட்டினேன். ஏன் எழுதவில்லை என்றார். அக்கா விடவில்லை என்றேன்.

“இப்ப எழுதும். எழுதிப்போட்டு எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டும்.”

வாசித்துக் காட்டினேன். ஹெவ்லொக் டவுன் வீட்டு விறாந்தையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

ஸ்டெலா அக்காவின் சிவப்புப் பேனைகளை அவருடைய மகள் வைத்திருக்கிறார். அவருடைய தமிழ் வேலையை இந்த வருடம் நான்தான் செய்கிறேன். பிழைகளுக்கு முன்கூட்டியே மன்னிப்பு. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். ஒருவர் கையில் தாள் நடுங்குவதைக் கண்டு, என் நாக்கு நுனியில் நல்ல பகிடி ஒன்று வந்து நிற்கும்போது, கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொள்ள எடுக்கும் இரண்டு விநாடி. பத்தில் ஏழு முறை பகிடிதான் முந்துகிறது. மற்ற மூன்றும் அவருடையவை.