அத்தை அழவைக்கவில்லை

தொண்ணூற்றொன்றாம் வருடம் தை மாதம் கல்யாணமாகி பென்னலூருக்கு வந்தேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் ராயபுரத்தில். முதல் சில மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆவணியில் நல்ல மழை பெய்து விட்டு, வெயில் அடித்ததும் தும்மல் ஆரம்பித்தது.

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறப்பேன். உடனே பிடித்துக்கொள்ளும். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தும்மி முடிக்க வேண்டும். மூக்கிலிருந்து வெறும் தண்ணீராக ஒழுகும். கண் அரிக்கும், அண்ணம் அரிக்கும், காதுக்குள்ளே விரல் எட்டாத இடத்தில் அரிக்கும். ராத்திரியானால் மூக்கு அடைத்துவிடும். வாயால் மூச்சு விட்டு நாக்கு வறண்டு விழித்துக்கொள்வேன். பகலெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். சோறு வடிக்கும்போதே கண் சொருகும்.

வீட்டுக்காரருக்கு ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஓ.டி. பார்த்துவிட்டு வந்து விழுகிறவரை எழுப்பி என்ன சொல்வது? வீட்டில் மிச்சமிருந்தது நானும் அவருடைய அம்மாவும்தான். அத்தை நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார். மிளகுக் கஷாயம் கொடுத்தார். "புதுத் தண்ணி, ஒத்துக்கல" என்று தலைக்குக் குளிக்க விடவில்லை. மெடிக்கல் கடையில் மூக்குக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். விட்டதும் மூக்கு திறந்துகொள்ளும், கொஞ்ச நேரத்தில் முன்னைவிட மோசமாக அடைக்கும். மறுபடி விடுவேன்.

சிவந்த கண்ணோடு தினமும் அடிபம்புக்குப் போவேன். பக்கத்து வீட்டக்கா ஒருநாள் குடத்தை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, தெனம் அழுதுகினே வர்றே? கெய்வி எதுனா சொல்லுதா?"

"இல்லக்கா, சளி."

"சளிக்கு கண்ணு இப்டியா செவக்கும்? நானும் மருமவளா இருந்தவதான், எனக்குத் தெரியாதா?"

மறுக்க மறுக்க அவர் நம்பிக்கை பலப்பட்டது. பேசவும் எனக்குத் தெம்பில்லை. பேச்சு தெரு முழுக்கச் சுற்றி அத்தையிடம் வந்து சேர்ந்தது. வெளியே போய்விட்டு வந்தவர் கூடையைத் தொப்பென்று போட்டார்.

"ஊரே என்னைக் காறித் துப்புது. நான் இன்னா கொடுமை பண்ணிட்டேன் உன்னை?"

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை அத்தே."

"நீ சொல்லாட்டி இன்னா, உன் மூஞ்சி சொல்லுதே. கெளம்பு, டாக்டராண்ட போலாம்."

ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் ஒரு டாக்டர் இருந்தார். என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"காய்ச்சல் அடிச்சுதா?"

"இல்ல சார்."

"சளி கெட்டியா, மஞ்சளா வருதா?"

"தண்ணியாத்தான் சார் வருது. அரிப்புதான் தாங்கல."

"வேற ஊருக்குப் போனா எப்படி இருக்கு?"

எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "அம்மா வீட்டுக்குப் போனா நின்னுடுது சார்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். "போச்சு. இத வெளில சொல்லிவெக்காதே தாயே."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "வீட்டைச் சுத்தி என்ன இருக்கு?"

"இன்னா கீது? எதிர்ல நெலம். கம்பெனி வருதுன்னு வித்துட்டாங்க. கம்பெனியும் வரல, உழவும் இல்ல. வெள்ளையா பொடிப்பூ பூத்துகினு ஒரு செடி இடுப்பு ஒசரம் மண்டிக் கீது."

"பார்த்தீனியம். அதோட மகரந்தம் காத்துல வந்து மூக்குல ஏறுது. இது சளி இல்லம்மா, அலர்ஜி."

"அப்போ நான் அழவைக்கலன்னு எழுதிக் குடுங்க சார்" என்றார் அத்தை. விளையாட்டாகச் சொல்லவில்லை.

சொட்டு மருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார் டாக்டர். ரொம்ப நாள் விட்டால் அதுவே மூக்கை அடைக்குமாம். ராத்திரிக்கு ஒரு மாத்திரை, தூக்கம் வரும் என்றார். மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்று. தினமும் அடிக்க வேண்டும், உடனே கேட்காது, பொறுத்திருக்க வேண்டும். காலையில் அந்தப் பக்க ஜன்னலைத் திறக்காதே, துணியை வெளியில் காயப்போடாதே, வெளியே போய்வந்தால் முகம் கழுவு என்றார்.

மறுநாள் அத்தை என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலுக்கு எதிரே இருந்த செடிகளை வெறுங்கையால் பிடுங்கிப் போட்டார். இரண்டு நாளில் அவருடைய முழங்கை வரை சிவந்து தடித்துவிட்டது. விடிய விடியச் சொறிந்தார். மறுபடி அதே பஸ், அதே டாக்டர். அவருக்கு ஒரு களிம்பும் எனக்குக் கொடுத்த அதே மாத்திரையும் கிடைத்தன.

பம்படியில் அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா, ரெண்டு பேரும் அடிச்சிகினீங்களா?"

குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மாத்திரை மறுநாளும் விடாமல் தள்ளாட வைத்தது. ஒரு மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் தூங்குவதைப் பார்த்துவிட்டு, தானே சோறு வைத்து ரசமும் வைத்திருந்தார். புளி தூக்கலாக இருந்தது. எழுந்து சாப்பிட்டோம்.

மூக்கு மருந்து மெதுவாகத்தான் கேட்டது. ஒரு ராத்திரி நடுவில் விழிக்காமல் தூங்கினேன் என்பதே விடிந்த பிறகுதான் தெரிந்தது. சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கே செடி முளைத்தது. பின்னால் அங்கே கம்பெனி எழும்பியபோது அது ரோட்டோரம் போயிற்று. வருஷா வருஷம் ஆவணி பிறப்பதற்கு முன்பே அத்தை நினைவுபடுத்துவார்: "மூக்கு மருந்து வாங்கியாந்துட்டியா?" நானும் போய் வாங்கிவருவேன்.