பேய்த்தாள்

விருதுநகர் மாவட்டத்தில் என் அளவுக்குப் பேய்ப்படம் பார்த்தவன் இன்னொருவன் இருந்தால் அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. அச்சாபீஸில் தாள் அடுக்கும் வேலைக்குப் போய், மெஷின்மேன் ஆகி, இன்று சிவகாசியில் நாரணாபுரம் ரோட்டில் சொந்த ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன். பட்டாசு லேபிள், காலண்டர், டைரி அட்டை என்று எதைக் கொண்டுவந்தாலும் அடித்துத் தருவேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்றாக முடியளவு பிசகாமல் விழவேண்டும். அதற்கு ரிஜிஸ்டர் என்று பேர். பிசகினால் மகாலட்சுமிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். என் தாளில் ரிஜிஸ்டர் விலகியது என்று இதுவரை ஒருவனும் சொன்னதில்லை.

தொழிலில் எப்படியோ அப்படித்தான் பேய் விஷயத்திலும். ராத்திரியில் பேய்ப்படம் பார்ப்பவனை நான் ரசிகன் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன். இருட்டில் பூனைகூட பயமுறுத்தும். எங்கள் கரிசல் காட்டில் பேய்க்கு நேரம் உச்சிப்பொழுது. காக்காய் கத்தாது. நம் நிழல் நம் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். தூரத்தில் கானல் நெளியும்போது யாரோ நின்று நம்மைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கிணற்றுப் பக்கம் போகாதே என்று பெரியவர்கள் சொல்வது அந்த நேரத்தில்தான். அதனால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குத்தான் பேய்ப்படம்.

வீட்டின் வடக்கு அறை அதற்கென்றே இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, பெரிய டிவி, இரண்டு பிரம்பு நாற்காலி. ஏசி அந்த அறையில் மட்டும்தான். மற்ற அறைக்கெல்லாம் எதற்கு? விருதுநகர்க்காரன் வெயிலுக்கென்றே பிறந்தவன்.

இரண்டாவது நாற்காலி என் மனைவியுடையது. என்னைப்போல் அவளுக்குத் தைரியம் கிடையாது. பேய் வரும்போது முகத்தைக் கையால் மூடிக்கொள்வாள்.

“ஏங்க, அது போயிருச்சா?”

“போயிருச்சு, கையை எடு.”

“பொய் சொல்றீக. இன்னும் கதவுக்குப் பின்னாடிதான் நிக்குது.”

“நீதான் பாக்கலையே, ஒனக்கு எப்படித் தெரியும்?”

“வெரல் சந்துல பாத்தேன்.”

அவள் பார்த்த படம் எல்லாமே விரல் சந்தில் பார்த்தவைதான். ஆனாலும் ஒரு ஞாயிறு தவறமாட்டாள்.

எங்கள் சேகரிப்பு வளர்ந்தது ஹாலோவீன் ஆர்டரால். சென்னையிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்து, வெளிநாட்டுக்காரனுக்குப் பேய் முகமூடி அடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். அட்டையில் முகமூடி, தொங்கவிடுகிற எலும்புக்கூடு, பூசணிக்காய்க்குக் கண் மூக்கு வைத்த பெட்டி. அங்கே அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்குமாம். நான் வீட்டில் வந்து சொன்னதும் அவள் கேட்டாள்:

“இதுல என்ன அதிசயம்? நம்ம குலசை தசராவுக்குக் காளி வேசமும் பேய் வேசமும் போட்டு வீட்டுக்கு வீடு காணிக்கை கேட்டு வரமாட்டாகளா? அங்கன மிட்டாயி, அம்புட்டுத்தான்.”

அந்த ஆர்டரில் ஒவ்வொன்றிலும் ஒன்று வீட்டுக்கு வந்தது. வெளியூர் போனால் நானே ரப்பர் முகமூடி, மண்டையோட்டு உண்டியல், வௌவால் பொம்மை என்று வாங்கிவருவேன். உத்தரத்துக் கொக்கியில் ஆளுயர எலும்புக்கூடு தொங்கியது. வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைத்த கையோடு அதற்கும் தூசி தட்டிவிட்டுத்தான் விளக்கேற்றுவாள்.

ஆனால் உலகத்தில் எந்தச் சேகரிப்பாளனிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பேய்த்தாள். அந்தப் பேர் நான் வைத்தது.

மெஷினில் புது வேலை ஏற்றும்போது, மை சரியாக விழும்வரைக்கும் நல்ல தாளை விடமாட்டோம். பழைய வேலையில் கழித்த தாளையே மறுபடி உள்ளே விடுவோம். ஒரே தாள் மூன்று நாலு வேலைக்குப் போய்வரும். வெளியே வரும்போது பார்க்கவேண்டும். முருகன் மயில்மேல் சங்குசக்கர லேபிள் சுழலும். புடவைக்கடைப் பெண்ணின் வயிற்றிலிருந்து புலி எட்டிப்பார்க்கும். ஊரில் எல்லாரும் அதை வேஸ்ட் என்பார்கள், எடைக்குப் போடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் முதுகு சிலிர்க்கும். முடிந்துபோன வேலை, போகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு அடியிலிருந்து தெரிகிறதே, அது பேய் இல்லாமல் வேறென்ன? எங்கள் ஃபோர்மேன் சனிக்கிழமைதோறும் நல்லதாகப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி அனுப்புவான்; வடக்கு அறை மூலையில் அடுக்கிவைப்பேன்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் கழித்த தாள் விடக்கூடாது. சாவு வேலைக்கு வெள்ளைத்தாள். இறந்தவர் முகத்தின்மேல் சாமியும் ஏறக்கூடாது, சரவெடியும் ஏறக்கூடாது. பக்கத்து பிரஸ்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தில் செத்துப்போன பெண்டாட்டி புருஷனைத் தேடி வருகிறாள். என் மனைவி கையை எடுக்காமலே சொன்னாள்:

“நான் முந்திப் போயிட்டா இந்த ரூமுக்குத்தான் வருவேன்.”

“ஏன், வேற எடம் இல்லையா ஒனக்கு?”

“இங்கனதான ஏசி இருக்கு.”

“வந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

“பேயைப் பத்தி எல்லாம் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிறீகள்ல? கண்டுபிடிங்க.”

சிறுநீரகம் கெட்டு அவள் போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசியில். பிரஸ்ஸில் முகமூடி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு எங்கள் மெஷினிலேயே அவளுக்குப் போஸ்டர் அடித்தார்கள். பெரிய பொட்டும் மல்லிகைப் பூவும் வைத்த முகம். அன்று நான் என்ன பார்த்தேன், யாரோடு பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஏசியைப் போட்டேன், படத்தைப் போட்டேன், பக்கத்து நாற்காலியைத் துடைத்து வைத்தேன். அதிலிருந்து ஒரு ஞாயிறு விடவில்லை. படம் பார்ப்பதாகப் பேர்தான். என் கண் திரையில் இருக்காது. துணி அசையும், எழுந்துபோய்ப் பார்த்தால் ஏசிக் காற்று. எலும்புக்கூடு மெல்லத் திரும்பி என்னைப் பார்க்கும், அதுவும் காற்றுத்தான். பிரம்பு நாற்காலி ‘கிறீச்’ என்னும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெயிலில் விரிந்த பிரம்பு குளிரில் சுருங்குகிற சத்தம் அது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ படத்தில் பேய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இடைவேளைக்கு முன்பே சொன்ன எனக்கு, என் வீட்டுப் பேய் மட்டும் அகப்படவில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிட்டதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். போன வருஷம் சூலக்கரையில் கட்டிக்கொடுத்தேன். பஸ்ஸில் ஏறிக் கண்ணயர்வதற்குள் ஊர் வந்துவிடும், அம்புட்டுத் தூரம்தான். ஆனாலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். சித்திரையில் நாள் குறித்திருந்தார்கள். அந்த வெயிலில் பிள்ளைபெறுகிறவளைப் படுக்கவைக்க எங்கள் வீட்டில் ஏசி இருப்பது அந்த ஒரே அறையில்தான்.

வளைகாப்புக்கு முன்னால் மகளின் மாமியார் அவளையும் கூட்டிக்கொண்டு அறையைப் பார்க்க வந்தார். வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி இது? எலும்புக்கூடு தொங்குது!”

“அட்டைதான் மதினி. கடிக்காது.”

“வவுத்துப்பிள்ளைக்காரி கண்ணு முழிச்சதும் இதையா பாப்பா? தாயி எதைப் பாக்காளோ அதும்மாதிரிதான பிள்ள பெறக்கும்!”

“ஒங்க வீட்டு வாசல்ல ஒரு பூதம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கே, ஏழு மாசமா அதைப் பாத்துத்தான உள்ள போறா, வர்றா?”

“அது திருஷ்டிக்கு, அண்ணாச்சி.”

“அதுவும் நான் அடிச்சதுதான் மதினி. அதே மெஷினு, அதே மையி. வாசல்ல தொங்குனா திருஷ்டி, வீட்டுக்குள்ள தொங்குனா பேயா?”

அவர் சிரிக்கவில்லை.

“பேச்சுல ஒங்களை ஜெயிக்க முடியுமா? ஒண்ணு இந்த ரூமு காலியாகணும். இல்லையா, பிரசவம் எங்க வீட்டுலயே நடக்கட்டும். தாயில்லாப் பிள்ளைய நான் பாத்துக்கிட மாட்டேனா?”

 மகள் இரண்டு பிரம்பு நாற்காலியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். சாயங்காலம் போன் செய்தாள்.

“அப்பா, எனக்கு எலும்புக்கூடெல்லாம் பயமில்லப்பா. அது கூடத்தான வளந்தேன். ஆனா நான் நம்ம வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான்.”

அறையை விட்டால், வருவேன் என்று சொன்னவள் எங்கே வருவாள்? அறையைப் பிடித்துக்கொண்டால், உயிரோடு இருக்கிறவள் வரமாட்டாள். நான் வாழ்க்கையில் பெரிய பெரிய ஆட்களோடு பேரம் பேசியவன். இந்தப் பேரத்தில் எதை விட்டுக்கொடுத்தாலும் நஷ்டம் எனக்குத்தான். இரண்டு நாள் கழித்து ஃபோர்மேனைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோ கொண்டுவா என்றேன்.

வந்தான். முகமூடிகள் போயின. மண்டையோடு, வௌவால், எல்லாம் போயின. எலும்புக்கூட்டை நானே கொக்கியிலிருந்து கழற்றி மடித்தேன்; ஓர் ஆளையே மடிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் பேய்த்தாள் கட்டுகள். அடிக்கட்டைப் பிரித்தவன் சட்டென்று ஒரு தாளை உருவி, சுருட்டிப் பின்னால் வைத்துக்கொண்டான்.

“என்னலே அது?”

“ஒண்ணுமில்ல முதலாளி. நல்லா விழலை.”

“நல்லா விழாததைத்தானலே நான் சேத்து வச்சிருக்கேன். கொண்டா இங்க.”

தயங்கி நீட்டினான். வாங்கி விரித்தேன்.

தாளில் நாலு முகமூடி. வெளுத்த பேய் முகம், வாய் பிளந்து சிரிக்கிறது. இடப்பக்கம் மேலே இருந்த முகமூடியின் மேல் கறுப்பு மையில் இன்னொரு முகம். பொட்டு, பூ. என் மனைவி.

“அன்னிக்கு எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை முதலாளி. வெள்ளைத்தாள்னு நெனச்சு மாஸ்க்குத் தாளை உள்ள விட்டுட்டேன். மொத தாளு வரவும் மிஷினை நிறுத்திட்டேன். கிழிக்க மனசு வரலை. எடைக்குப் போடவும் முடியலை. காரியத்துக்கு இங்க வந்தப்ப ஒங்க கட்டுலயே அடியில வச்சேன். என்னிக்காவது நீங்களா பாப்பீகன்னு.”

“சாவு வேலைக்கு வெள்ளைத்தாள்னு எத்தனை தடவைலே…”

தாளைக் கண்ணருகே கொண்டுபோனேன். முகமூடிக்குக் கண் வெட்டுவதற்காக இரண்டு வட்டம் போட்டிருக்கும். அந்த இரண்டு வட்டத்துக்குள்ளும் அவளுடைய இரண்டு கண். நடுவில், புள்ளி பிசகாமல். ஆயுசு முழுக்க நான் பூதக்கண்ணாடி வைத்துச் சரிபார்த்த ஒரு தாளிலும் அப்படி ஒரு ரிஜிஸ்டர் விழுந்ததில்லை. யாரும் செட் பண்ணாத தாள். முடியளவு விலகவில்லை. அந்த வட்டத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் நான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இந்த மூலையில், கட்டுக்கு அடியில் இருந்திருக்கிறாள். சொன்னபடி ஏசி இருக்கிற அறையில்தான்.

வெளியே லோடு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். மணி பன்னிரண்டு.

அந்தத் தாளைத் தவிர மற்றதெல்லாம் போனது. அறைக்கு வெள்ளையடித்தேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன். எலும்புக்கூடு தொங்கிய கொக்கியைத் தொட்டிலுக்கென்று எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மகளின் துணிகளுக்கென்று ஒரு பீரோவை அங்கே கொண்டுவந்து போட்டு, தாளை அதன் கதவின் உள்பக்கம் ஒட்டிப் பூட்டினேன். டிவியையும் நாற்காலிகளையும் மட்டும் எடுக்கவில்லை.

வளைகாப்பு முடிந்து மகளைக் கொண்டுவந்துவிட்ட மாமியார் அறையைச் சுற்றிப் பார்த்தார். “இப்பத்தான் அண்ணாச்சி, வீடு வீடா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்.

மகள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். பீரோச் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன்.  கதவு திறந்தது. அவள் அலறவில்லை. வளையல் சத்தம் நின்றுபோனது. வயிற்றில் ஒரு கை, கதவில் ஒரு கை. 

“அம்மா ஏம்ப்பா முகமூடி போட்டிருக்காக?”

“ஒன் மாமியா கண்ணுல படாம வரணும்ல.”

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு நடந்துவந்து இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை. பிரம்பு ‘கிறீச்’ என்றது.

“படம் போடுங்கப்பா. பயமா இருக்கிறதாப் போடுங்க.”

போட்டேன். பாதியில் எழுந்துபோய்ப் பீரோக் கதவைச் சாத்தினாள். முழுக்கச் சாத்தவில்லை. ஒரு விரல் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தாள்.