நாலாவது பெஞ்சில் இருப்பவளுக்கான ஜெபம்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை வாசித்து ஜெபிப்பது எங்கள் குன்னத்துகால் சபையின் ஞாயிறு வழக்கம். சபைச் செயலாளரான நான்தான் வாசிப்பேன். "பிரான்சில் இருக்கும் ஜோஸ்னா" என்று வாசிக்கும்போது, அந்த ஜோஸ்னா நாலாவது பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள்.

அவள் திரும்பி வந்து மூன்று வருடம் ஆகிறது. கல்லூரியில் பிரெஞ்சு படித்தவள், ஒரு வருடம் லியோன் நகரத்தில் தங்கியும் படித்தாள். அங்கே காய்கறிக்காரனிடம்கூடப் பிரெஞ்சிலேயே சண்டை போட்டாளாம். இப்போது தனுவச்சபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரில், மார்க்குக்காக மட்டும் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளைக் கேள்விபதில் மனப்பாடம் செய்ய வைக்கிறாள். அந்த மொழியில் அவளோடு பேச இங்கே ஒரு ஆள் கிடையாது.

பட்டியலில் பெயர் சேர்க்கவும் எடுக்கவும் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும். அவள் அம்மா புஷ்பபாய் எடுக்கச் சொல்வதே இல்லை. மகள் பெயரைக் கேட்டதும் எல்லாரையும்விட உரக்க ஆமென் சொல்கிறாள். எனக்கு எரிச்சலாக வரும். யாரை ஏமாற்றுகிறோம், கர்த்தரையா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஜோஸ்னாவை நிறுத்தினேன். "மக்கா, நீ இங்கதானே இருக்க. பேரை வெட்டட்டா?"

"வேண்டாம் மாமா, கெடக்கட்டு. இங்க இருக்கவளுக்கு ஜெபிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அந்தக் காய்கறிக்காரன்கிட்ட சண்டை போட்டவ இப்பவும் அங்கதான் நிக்கா. அவளுக்காவது யாராவது ஜெபிக்கட்டு."