மனைவி பெயரில் ஒரு புல்

கல்லூரியில் அவருக்குப் 'புல் வாத்தியார்' என்று பெயர். ஊரே பூவைப் பார்த்துச் சொக்கி நிற்கும்போது, காலடியில் மிதிபடுவதைக் குனிந்து பார்க்கிற மனுஷன். அப்படிக் குனிந்ததில் ஒருநாள், யாரும் பெயர் வைக்காத புல் ஒன்று அகப்பட்டது. அறிவியல் பெயரின் முதல் சொல் செடி எந்தக் கூட்டம் என்று சொல்லும். இரண்டாவது சொல்தான் அதற்கே உரியது. வைத்தவர் பெயர் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். செடிக்குத் தன் பெயரையே சூட்டிக்கொள்வது அழகில்லை என்பதால், இரண்டாவது சொல்லாக மனைவியின் பெயரை வைத்தார். பொட்டுத் தங்கம் வாங்கித் தராதவர் செய்த ஒரே ஆடம்பரம் அது.

மனைவி தையல்காரி. அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். "முன்னாடி நானு, பின்னாடியே அவரு. வீட்டுலயும் அப்படித்தான்!"

ஓய்வு பெற்ற பிறகு, கண் அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டோடு அவர் படுத்திருந்த ஒரு மதியம், பழைய மாணவி தொலைபேசியில் அழைத்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பேரு செல்லாது."

பெயருக்கு ஆதாரமாக ஒரு உலர்ந்த மாதிரியைக் காட்ட வேண்டும். அது எந்தத் தாவரக் காப்பகத்தில் இருக்கிறது என்றும் அச்சில் வர வேண்டும். பெயர் வைத்த கட்டுரையில் பக்கம் பக்கமாகப் புல்லைக் கொஞ்சியவர் அந்த ஒரு வரியை விட்டிருந்தார். கல்லூரிக் காப்பகத்தில், தன் அலமாரியில்தானே இருக்கிறது, உலகத்துக்கே தெரியாதா என்ன என்கிற நினைப்பு!

"என் கட்டுரை நாளைக்கு அச்சுக்குப் போகுது. அதுலயே சரி பண்ணிடலாம். ஆனா புல்லோட விவரிப்பை நான் எழுதினா, கடைசியில என் பேருதான் நிக்கும். நீங்க புதுசா எழுதிக் குடுத்தா உங்க பேரே இருக்கும் சார்."

"கண்ணுல கட்டும்மா. நீயே எழுதிடு. அவ பேரு இருந்தா போதும்."

அருகில் நின்ற மனைவி தொலைபேசியைப் பிடுங்கினாள். "சாயங்காலத்துக்குள்ள அனுப்பறோம்மா."

பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "நீங்க இல்லாம நான் மட்டும் அங்க தனியா நிக்கணுமாக்கும்? சொல்லுங்க, எழுதறேன்."

அவர் கனைத்துக்கொண்டு தொடங்கினார். "தண்டு மெலிஞ்சது. விறைப்பானது. லேசுல வளையாது..."

"புல்லைச் சொல்றீங்களா, என்னையா?"

"எழுதுடி."

வேர், இலை, கதிர் என்று நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அலமாரி இருக்கும் காப்பகத்தின் பெயரை இரண்டு முறை சொன்னார்.

"உங்க பேரை எங்க எழுதணும்?"

"எல்லாத்துக்கும் கடைசியில."

"அதைத்தான் மொதல்லயே எழுதிட்டேன்" என்றாள்.